செக்கப்புக்கு முன்னால் ஸ்வீட்டை நிறுத்தியவர்

கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலு தாள் முழுக்க எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகர். பேர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தெற்கே ஒரு சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை. வயது 46. மூன்று வருடமாகப் பிரஷருக்குக் காலையில் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. மனைவிக்கு 42 வயது, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறார், தைராய்டு மாத்திரை எடுக்கிறார், அதோடு முடி கொட்டுவதற்கு ஏதோ கேப்ஸ்யூல். வாசகரின் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, கடைசிக் காலத்தில் கால் விரலை எடுக்க வேண்டி வந்தது.

இத்தனை இருந்தும் இவர் இதுவரை முழு உடல் பரிசோதனை எதுவும் செய்துகொண்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன் பக்கத்துக் கடைக்காரர், 48 வயதுதான், ஷட்டரை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் அவர் செக்கப் செய்து, 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட்டைத் தெருவில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். இதைக் கேட்டுப் பயந்துபோன வாசகரின் மகன் சென்னையிலிருந்து ஆன்லைனில் ஒரு பேக்கேஜ் புக் செய்துவிட்டார். 92 டெஸ்ட், ஒருவருக்கு 1,999 ரூபாய், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நம் வாசகர் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். ஏன் தெரியுமா? அவர் இன்னும் 'தயாராகவில்லை'. இரண்டு வாரமாக ஸ்வீட்டை நிறுத்தி, ராத்திரி சாதத்துக்குப் பதில் கோதுமைத் தோசை சாப்பிட்டு, அதிகாலையில் நடக்கிறார். இன்னும் ஒரு மாதம் இப்படி இருந்துவிட்டுப் போனால் ரிப்போர்ட் நன்றாக வருமா என்று கேட்கிறார்.

மற்ற கேள்விகள்: எத்தனை மணியிலிருந்து பட்டினி இருக்க வேண்டும், மாத்திரைகளை மூன்று நாள் நிறுத்தினால்தான் உடம்பின் 'நிஜ நிலை' தெரியும் என்று நண்பர் சொல்வது சரியா, கூடுதலாக 1,500 கட்டி கேன்சர் டெஸ்டையும் சேர்க்கலாமா, சர்க்கரை இருப்பது தெரிந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்கிறார்களே, பாலிசி எடுத்த பிறகு டெஸ்ட் செய்துகொண்டால் என்ன. கடைசித் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று: தினம் மூன்று சிகரெட் பிடிக்கிறார், சனிக்கிழமை கொஞ்சம் மது. இது மனைவிக்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

சார், அந்த ஓரத்தில் எழுதியதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயம். அதற்கு வருகிறேன். முதலில் இந்த ஸ்வீட் கதையைப் பேசிவிடுவோம்.

உங்களை மாதிரி தயாராகி வருபவர்களை வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, 'பத்து நாளா சாதமே தொடலை டாக்டர்' என்று ஏதோ சாதனை மாதிரி சொல்வார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்களே, அந்த மாதிரிதான் இது. ஆபீசர் போனதும் கூரை பழையபடி ஒழுகும். அவர் எழுதிவிட்டுப் போன குறிப்பில் மட்டும் கூரை நன்றாக இருக்கும்.

பத்துப் பதினைந்து நாள் பத்தியத்தில் உண்மையாகவே சில எண்கள் இறங்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கலாம், ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு நன்றாகவே இறங்கும். ஆனால் எச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, மூன்று மாத சராசரி என்று சொல்வார்களே அது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் சுற்றிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் இரண்டு வாரக் கோதுமைத் தோசைக்கு அது பெரிதாக அசைந்து கொடுக்காது. போன வருடம் ஒருவர் வந்தார், வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி 7.2. 'இந்த 7.2 தப்பு, லேப்காரன் மாத்திட்டான்' என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவர் மனைவிதான் மெதுவாக, 'மூணு வாரமா உங்க டயட்டுங்க' என்றார்.

மோசடி பண்ணுகிறீர்கள் என்று சொல்லவில்லை. நடப்பதும் ஸ்வீட்டை விடுவதும் நல்லதுதான், தாராளமாகத் தொடருங்கள். ஆனால் அதற்காக டெஸ்ட்டை இன்னும் ஒரு மாதம் தள்ளாதீர்கள். எப்போதும் எப்படிச் சாப்பிடுகிறீர்களோ அப்படியே மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எனக்கு வேண்டியது சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை, உங்களுக்கு பிரஷர், வயது 46. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' என்கிற ஆய்வு 2023ல் வெளியானது, அதில் நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் 13.6 கோடி என்று வந்தது. இந்த இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் இருந்தால் அது இப்போதே தெரிவது உங்களுக்கு லாபம், ஏனென்றால் அந்த நிலையில்தான் நடையும் சாப்பாடும் உண்மையிலேயே வேலை செய்யும்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை, அல்லது 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசலில் நிற்கிறது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது, இன்னொரு முறை பார்த்தோ இரண்டு டெஸ்ட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோதான் சொல்ல வேண்டும். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு விஷயம், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் மனைவிக்கு அப்படி வந்தால் முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

பட்டினி எவ்வளவு நேரம்

ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ரத்தம் எடுப்பவர் பத்து மணிக்கு வரும்வரை காத்திருக்கலாம் என்று உங்கள் மனைவி கணக்குப் போட்டிருக்கிறார். அது பதினைந்து மணி நேரம். வேண்டாம். சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் போதும், கொழுப்புக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. ராத்திரி எட்டரைக்கு வழக்கமான சாப்பாடு, காலை ஏழு மணிக்கு ரத்தம். ஏழு மணி ஸ்லாட் இல்லை என்றால் வேறு நாள் கேளுங்கள். பட்டினி நீண்டால் டெஸ்ட் ஒன்றும் கூடுதல் சுத்தமாகிவிடாது, தலைசுற்றல்தான் மிச்சம்.

தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்தால் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்துவார்கள், உங்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காபி, டீ கூடாது. சர்க்கரை போடாத காபியும் கூடாது. வெந்தயத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர், காலையில் குடிக்கும் கஷாயம் எல்லாம் அன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும். சனிக்கிழமை மதுவுக்கும் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டுக்கும் ஆகாது, ட்ரைகிளிசரைடு எகிறிவிடும். குறைந்தது இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். முந்தின நாள் திடீரென்று தண்டால், பஸ்கி என்று உடம்பை முறுக்கினாலும் கல்லீரல் டெஸ்ட் வரிசையில் எஸ்ஜிஓடி என்கிற எண் ஏறிக் காட்டலாம், அது தசையிலிருந்து வருவது. கடையில் சிமென்ட் மூட்டை இறக்குகிற நாளுக்கு மறுநாளும் வேண்டாம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை டெஸ்ட் பேக்கேஜில் இருந்தால், கணக்கு முதல் வாய் வைத்ததிலிருந்து தொடங்கும், கை கழுவியதிலிருந்து இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் செய்துகொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேக்கேஜோடு டிபன் கூப்பன் கொடுப்பார்கள். இலவசமாச்சே என்று வீட்டில் மூன்று இட்லி சாப்பிடுகிறவர் அங்கே நெய்ப் பொங்கல், இரண்டு வடை, கேசரி, ஃபில்டர் காபி என்று வெளுத்து வாங்கிவிட்டு அடுத்த ரத்தத்தைக் கொடுப்பார். அந்த எண் கேசரியுடையது, அவருடையது இல்லை.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன நண்பர்

அவர் சொன்னதைக் கேட்காதீர்கள். உங்களுக்கு பிரஷர் இருக்கிறது என்பது மூன்று வருடம் முன்பே தெரிந்த விஷயம், அதை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போது தெரிய வேண்டியது, மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கியிருக்கிறதா என்பது. அன்று காலை டெல்மிசார்டனை வழக்கமான நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை எடுக்கிறவர்களுக்குக் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும், உங்கள் 92ல் இந்த இரண்டும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். சில பிரஷர், இதய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட மேலே பாயும், நெஞ்சுவலியே வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இதேதான், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. காலையில் எடுக்கும் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் மட்டும் வேறு கணக்கு. வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு ரத்தம் எடுக்கக் காத்திருந்தால் மயங்கி விழலாம், ரத்தம் கொடுத்துவிட்டு டிபனோடுதான் எடுக்க வேண்டும்.

உங்கள் மனைவி தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த கையோடு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடட்டும். தைராய்டு டெஸ்ட்டில் டிஎஸ்ஹெச், டி4 என்று இரண்டு ஹார்மோன் பார்ப்பார்கள். ஒரு வேளை மாத்திரையால் டிஎஸ்ஹெச் மாறிவிடாது, ஆனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி4 கூடுதலாகக் காட்டும்.

அந்த முடி கேப்ஸ்யூலின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் என்று எழுதியிருக்கலாம், அது ஒரு வைட்டமின், முடி மாத்திரைகள் பலவற்றில் அது இருக்கிறது. பயோட்டின் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் லேபில் சில தைராய்டு டெஸ்ட்டுகள் நடக்கும் முறையையே அது குழப்பிவிடும். டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் வரும். பார்க்கிறவர் தைராய்டு அதிகமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைக் குறைப்பார், குறைத்தால் முடி இன்னும் கொட்டும், இன்னும் இரண்டு கேப்ஸ்யூல் வாங்குவார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே இதைப் பற்றி எச்சரித்தது. டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் அந்த கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்வது அதை மட்டும்தான்.

92 என்ற எண்

92 டெஸ்ட் என்றதும் தலை முதல் கால் வரை பார்த்துவிடுவார்கள் என்று தோன்றுவது இயல்புதான். அந்தப் பட்டியலை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ரத்த அணுக்கள் டெஸ்ட் ஒன்று, ஊதா மூடி போட்ட ஒரே ட்யூப், அதில் இருபதுக்கு மேல் வரிகள். சிறுநீர் ஒரு டப்பா, பதினைந்து வரிக்கு மேல். கொழுப்பில் ஒன்றை இன்னொன்றால் வகுத்து வரும் விகிதத்தையும் ஒரு டெஸ்ட் என்று கணக்கில் சேர்ப்பார்கள். கடை வைத்திருக்கிறீர்கள், ஆணியைக் கிலோவில் விற்பதற்குப் பதில் எண்ணிக்கையில் சொன்னால் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பொதுவாக லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல் அளவு' என்று போடுவது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எந்த எல்லைக்குள் வருகிறார்களோ அதைத்தான். அப்படியென்றால் நோய் எதுவும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு எந்த ஒரு டெஸ்ட்டும் எல்லைக்கு வெளியேதான் இருக்கும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் நாலைந்து இடத்தில் தடித்த எழுத்து இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு போனில் பிடிஎஃப் வந்ததும் ஒவ்வொன்றையும் கூகுளில் போட்டுப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே காரணத்தால்தான் அந்த 1,500 ரூபாய் கேன்சர் பேக்கேஜ் வேண்டாம் என்கிறேன். அதில் பார்ப்பது ட்யூமர் மார்க்கர், அதாவது புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய சில பொருள்கள். அவை பெரும்பாலும் ஏற்கெனவே கண்டுபிடித்த புற்றுநோய்க்கு மருத்துவம் எப்படி வேலை செய்கிறது என்று பின்தொடரத்தான் உதவும், தொந்தரவு இல்லாதவர்களிடம் சலித்துத் தேட அல்ல. அந்த மார்க்கர்களில் ஒன்றான சிஏ 125 மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பப்பைக் கட்டி இருந்தாலும் கூடும். இன்னொன்றான சிஇஏ சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு, புற்றுநோயே இல்லாமல், சற்றுக் கூடுதலாக இருக்கும். நீங்கள் அந்த டெஸ்ட்டை எடுத்து, அது கூடுதலாக வந்து, மனைவி எதிரில் 'ஏன் கூடியிருக்கு' என்று கேள்வி வந்து... யோசித்துப் பாருங்கள். இன்னொரு பக்கம், எண் குறைவாக வந்தால் புற்றுநோய் இல்லை என்றும் ஆகாது.

பக்கத்துக் கடைக்காரர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அவர் ரிப்போர்ட் பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லை. ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு பாதி வழியைக்கூட அடைக்காமல் இருக்கும்போதே ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து முழுதும் அடைத்துவிடலாம். முந்தின நாள் ஈசிஜி எடுத்தாலும், ஏன், ட்ரெட்மில் ஓடினாலும் நார்மல் என்றே வந்திருக்கலாம். இதயத்தைப் பொறுத்தவரை செக்கப்பால் முடிந்தது அபாயத்தை எடை போடுவது: வயது, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு. இதில் புகையும் குடும்பமும் எந்த ட்யூபிலும் வராது, நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அந்த மூன்று சிகரெட்

அதனால்தான் ஓரத்தில் எழுதியது முக்கியம் என்றேன். மூன்றுதானே என்று நினைக்கிறீர்கள். 2018ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்று வந்தது. இருபதில் ஒரு பங்குதான் புகை, அபாயம் மட்டும் பாதி. அப்படியானால் உங்களுக்கு 92 டெஸ்ட்டையும்விடப் பெரிய தகவல் அந்த ஓரத்தில்தான் இருந்தது.

டாக்டரிடம் சொல்லுங்கள். மனைவி எதிரில் சொல்ல வேண்டியதில்லை. 'ஐந்து நிமிஷம் தனியாகப் பேசணும்' என்று கேட்பது உங்கள் உரிமை, நீங்கள் சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது எங்கள் தொழில் ஒழுங்கு விதியிலேயே உள்ள கடமை. மது எவ்வளவு என்றும் சரியாகச் சொல்லுங்கள், 'எப்பவாவது' என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. சனிக்கிழமை ஒரு குவார்ட்டர் என்றால் ஒரு குவார்ட்டர். (மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடமாகத் துவைக்கிற சட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை.)

பேக்கேஜில் இல்லாதவை

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற தம்பி உங்கள் பிரஷரைப் பார்க்க மாட்டார், வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார், இடுப்பை அளக்க மாட்டார். அதனால் புக் செய்ததை ரத்து செய்ய வேண்டாம், ஆனால் அதோடு விடவும் வேண்டாம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரை நேரில் போய்ப் பாருங்கள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே போதும்.

பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க, பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் காபியும் சிகரெட்டும் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. படியேறி வந்ததும் சட்டைக் கையின்மேலேயே பட்டையைச் சுற்றினால், 'ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேன் சார்' என்று சொல்லுங்கள், தப்பில்லை. ஒரு முறை போதாது, இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பளவை வீட்டிலேயே எடுக்கலாம், மனைவியிடம் தையல் டேப் இருக்கிறது. நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், எல்லோரும் தொப்பைக்குக் கீழேதான் பெல்ட் போடுகிறோம், என்னையும் சேர்த்துத்தான்.

புகை பிடிக்கிறவர் என்பதால் டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கச் சொல்லுங்கள், வெள்ளைத் திட்டு, ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா என்று. ஈசிஜி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம், பிரஷர் உள்ளவருக்கு அது அடிப்படை.

இப்போது உங்கள் மனைவி. நாலு தாளில் அவரைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்று 'அவளுக்கு ஒன்றும் இல்லை'. அவருக்கு அந்த 92ஐவிட உபயோகமான டெஸ்ட் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. ரத்தத்தில் அது தெரியாது. முப்பது வயதிலிருந்து 65 வரை பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும் என்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற நர்ஸே செய்வார், காசு கிடையாது. வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மார்பகத்தையும் வாயையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவார்கள். தனியாரில் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்ப்பது) என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஹெச்பிவி டெஸ்ட் (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) என்றால் ஐந்து வருடம். வலிக்குமோ, வெட்கமாக இருக்குமோ என்று தயங்குவார். பெண் டாக்டர் அல்லது நர்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். 42 வயதில் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, பற்றியும் அவரே டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது. அன்றைக்கு அக்குளில் பவுடர், ஸ்ப்ரே போடாமல் போக வேண்டும், படத்தில் புள்ளி புள்ளியாக விழும்.

நாளையும் அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மாதவிடாய் நாட்களில் சிறுநீரில் ரத்த அணு தெரியும், பாப் ஸ்மியரும் சரியாக வராது. மாதவிடாய் நின்று நாலைந்து நாள் கழித்து வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் தோதாக இருக்கும். பாப் ஸ்மியருக்கு முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கிற மருந்தும் வேண்டாம். சிறுநீர் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், இது இரண்டு பேருக்கும்தான்.

இன்ஷூரன்ஸ் கணக்கு

முதலில் பாலிசி, அப்புறம் டெஸ்ட் என்கிற யோசனை புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் உங்களுக்கு பிரஷர் இருப்பதும் மாத்திரை எடுப்பதும் இப்போதே தெரிந்த விஷயம், அதை விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். ஏஜென்ட் 'அதெல்லாம் வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் போடுங்க' என்பார். போட்டால், நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மூன்று வருட மருந்துச் சீட்டைக் காட்டி க்ளெய்மை மறுப்பார்கள், அப்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். 46 வயதுக்காரருக்குப் பல கம்பெனிகள் தாங்களே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாலிசி தருகிறார்கள், ஆகவே தள்ளிப்போட்டும் பெரிய லாபம் இல்லை.

சர்க்கரை இருந்தால் பாலிசியே கிடைக்காது என்பதும் சரியில்லை. பிரீமியம் கூடலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். அந்தக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024ல் இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ குறைத்துவிட்டது, முன்பு 48. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. உள்ளதைச் சொல்லி இந்த மாதமே எடுத்தால் இந்த மாதமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாமல் இருப்பதால் சிறுநீரகத்துக்கு வரும் கெடுதலை எந்த பாலிசியும் ஈடு கட்டாது.

செக்கப் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர் என்றால், வருமான வரியில் 80டி பிரிவு என்று இத்தனை காலம் சொல்லிவந்த அந்தக் கழிவில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை உண்டு, ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும். உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சரி, கடைசியாக ஒரு வேலை. அதே பில் புத்தகத்தில் இன்னும் ஒரு தாளைக் கிழியுங்கள். இரண்டு பேர் மாத்திரைகளின் பேரும் அளவும், அந்த முடி கேப்ஸ்யூல் உட்பட. அப்பாவுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா, எந்த வயதில். ஆண் என்றால் 55க்குள், பெண் என்றால் 65க்குள் வந்திருந்தால் அது எங்களுக்குப் பெரிய தகவல். பழைய ரிப்போர்ட் எது கிடைத்தாலும் அதோடு சேர்த்து வையுங்கள். போன வருடம் 0.9 இருந்த கிரியாட்டினின் இப்போது 1.2 என்றால் அது ஒரு கதை, எப்போதுமே 1.2 என்றால் வேறு கதை. அப்புறம், சமீபத்தில் உடம்பில் புதிதாகப் பட்ட எதுவானாலும்: மாடிப்படியில் மூச்சு வாங்குகிறதா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், குறட்டை. குறட்டையை மட்டும் உங்கள் மனைவியிடம் கேட்டு எழுதுங்கள்.

சிகரெட்டை அந்தத் தாளில் எழுத வேண்டாம், நேரில் சொன்னால் போதும். மூன்றாவது முறை தேதியைத் தள்ளுவதாக இருந்தால் அது மனைவியின் மாதவிடாய்த் தேதிக்காக மட்டும் இருக்கட்டும். ராத்திரி சாதத்தை இன்றைக்கே சாப்பிட ஆரம்பிக்கலாம்.